பைப் எவ்வளவு குளிரைக் காணும்? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

நுவரெலியாவிலிருந்து பண்டாரவளை வரை குளிர் அறை, பால் ஆலை, ஐஸ் பிளான்ட் என்று அமோனியா பைப் வேலை செய்யும் தம்பிமார் எனக்கு அடிக்கடி போன் எடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தக் காபன் ஸ்டீல் பைப்புக்கு இம்பாக்ட் டெஸ்ட் வேணுமா, வேணாமா? ஆனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "கேஜ் ஒருமாதிரி காட்டுது", "பேப்பர்ல ஒன்னு, பைப்புல ஒன்னு", "லேப்ல ஃபெயில்னு சொல்லிட்டாங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். அதனால் அந்தப் பேச்சுகளையே தலைப்பாக வைக்கிறேன். நான் டிக்கோயாவில் லயத்தில் வளர்ந்தவன். கத்தாரில் பதினொரு வருடம் பைப் இன்ஸ்பெக்டராக இருந்தபோது படித்ததும், ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்ததும்தான் இங்கே இருக்கிறது.

வெடிப்பு ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்டதென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

கொழும்பில் போத்தலைச் சாய்த்தால் ஓடுகிற தேங்காய் எண்ணெய், நுவரெலியாவில் அடுப்புப் பக்கம் வைத்தால்தான் இளகும். எண்ணெய் ஒன்றுதான், வெப்பநிலைதான் வேறு. காபன் ஸ்டீலுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. அதற்கு மேலே அடித்தால் வளையும், இழுபடும். கீழே போய்விட்டால் கண்ணாடி மாதிரிப் பிளக்கும். பிளப்பதற்கு முன்னால் வீங்காது, கசியாது, சத்தம் கொடுக்காது. எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் இம்பாக்ட் டெஸ்ட், அதாவது சார்ப்பி டெஸ்ட். 55 மி.மீ. நீளம், 10க்கு 10 மி.மீ. குறுக்குவெட்டுள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்துக்கு வி வெட்டு வைத்து, குளிரவைத்து, ஊசல் சுத்தியலால் ஒரே அடி. உடைக்கச் செலவான சக்தியை ஜூலில் எழுதுவார்கள்.

"ஊரே குளிர். அப்போ எல்டி பைப் போடணுமா?"

எல்டி என்றால் லோ டெம்பரேச்சர், குளிருக்கென்று டெஸ்ட் செய்த பைப். வானிலைக்காக என்றால் பெரும்பாலும் வேண்டாம். தை மாதத்தில் பள்ளத்துத் தேயிலை பனியில் கருகும் நாளிலும் நுவரெலியாவின் குளிர் பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆலைப் பைப்புக்கான அமெரிக்க விதி பி31.3. அதில் ஏ106 கிரேட் பி என்ற சாதாரண காபன் ஸ்டீல் பைப் "பி" வளைவில் வருகிறது. தடிப்புக்கு ஏற்ற குளிர் எல்லையைக் காட்டும் கோடுதான் இந்த வளைவு. சுவர்த் தடிப்பு 12.7 மி.மீ. வரை இருந்தால் மைனஸ் 29 பாகை வரை இம்பாக்ட் டெஸ்ட் இல்லாமல் ஓடலாம்.

கவனிக்க வேண்டிய இடம் தடிப்பு. அதே "பி" வளைவில் 25.4 மி.மீ. தடிப்புக்கு வந்தால் எல்லை ஏறக்குறைய மைனஸ் 1 பாகைக்கு ஏறிவிடுகிறது. சாதாரண ஏ36 பிளேட் "ஏ" வளைவில் வரும், 25.4 மி.மீ. தடிப்பில் அதன் எல்லை பிளஸ் 20 பாகை. நம் ஊர்க் காலைநேரம் அதைவிடக் குளிர்! ஹெடர் (கிளைகள் சேரும் பெரிய பைப்) மூடிக்குக் கையில் கிடைத்த தடித்த பிளேட்டை வெட்டி வைத்து வெல்ட் பிடித்து, விடியற்காலையில் தாங்கித் தண்ணீரை நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் போடுகிற பழக்கத்தை நான் இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். டெஸ்ட் நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறும்வரை பொறுங்கள், அல்லது தண்ணீரைச் சூடாக்குங்கள். பிரஷர் வெசல் விதி சொல்லும் ஆலோசனை, உலோகம் அதன் குறைந்தபட்ச வடிவமைப்பு வெப்பநிலையைவிட 17 பாகையாவது மேலே இருக்க வேண்டும் என்பது. பைப்புக்கும் நான் அதையே பிடிக்கிறேன்.

"கேஜ் பூச்சியத்துல நிக்குது. டேபிள் மைனஸ் 33ன்னு சொல்லுது. தெர்மோமீட்டர் அதைவிடக் கீழே காட்டுது"

டேபிள் என்பது எந்த அழுத்தத்தில் அமோனியா எத்தனை பாகையில் கொதிக்கும் என்று காட்டும் அட்டவணை. தெர்மோமீட்டர் பழுது என்று மாற்றிவிடாதீர்கள். அது சொல்வதுதான் சரி.

அமோனியா மைனஸ் 33.3 பாகையில் கொதிப்பது கடல் மட்டத்தில், 101.3 கிலோபாஸ்கல் வளியமுக்கத்தில். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளியமுக்கம் சுமார் 81 கிலோபாஸ்கல்தான். சாதாரண கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். ஆகவே இங்கே "பூச்சியம்" என்றால் உள்ளே 81. அந்த அழுத்தத்தில் அமோனியா ஏறக்குறைய மைனஸ் 38 பாகையில் கொதிக்கும். ஹட்டனில் மைனஸ் 36ஐ ஒட்டி. கொழும்பில் அச்சடித்த டேபிளைச் சுவரில் ஒட்டிவைத்தால் ஐந்து பாகை வரை பிழை காட்டும்.

ஐந்து பாகைதானே என்று விட முடியாத இடம் லோ பிரஷர் கட்அவுட், அதாவது அழுத்தம் இறங்கினால் கம்பிரசரை நிறுத்தும் சுவிட்ச். ஏ106 பைப் மைனஸ் 29க்குக் கீழே போகக்கூடாது என்று யாரோ கவனமாக யோசித்து, டேபிளைப் பார்த்து கட்அவுட்டை 24 கிலோபாஸ்கலுக்கு, அதாவது மூன்றரை பிஎஸ்ஐக்கு, வைத்திருப்பார். கடல் மட்டத்தில் அது மைனஸ் 29. நுவரெலியாவில் அதே கேஜ் அளவில் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் 105 கிலோபாஸ்கல்தான். பைப் மைனஸ் 32.5 வரை இறங்கிய பிறகே கட்அவுட் வெட்டும். இங்கே மைனஸ் 29இல் நிறுத்த வேண்டுமென்றால் கேஜில் சுமார் 45 கிலோபாஸ்கல், ஆறரை பிஎஸ்ஐ, வர வேண்டும். கடல் மட்டக் கணக்கில் போட்ட டிராயிங் மலைக்கு வந்தால் முதலில் நான் திருத்தும் எண் இதுதான்.

இன்னொன்று. பராமரிப்புக்காகத் திரவ அமோனியா இருக்கிற லைனை அவசரப்பட்டு வெளியே திறந்து அழுத்தத்தை இறக்கினால், மிச்சத் திரவம் கொதித்துக் கொதித்து அந்த மைனஸ் 38க்குத்தான் போய் நிற்கும். வழமையாக மைனஸ் 10இல் ஓடும் லைனும் அந்த அரைமணி நேரத்தில் மைனஸ் 38ஐக் காணும். ஒவ்வொரு லைனின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் எழுதும் லைன் லிஸ்டில் போட வேண்டியது அந்த எண். தினசரி ஓடும் வெப்பநிலையை எழுதிவிட்டுப் போனால் மீதி எல்லாக் கணக்கும் பிழைதான்.

"மைனஸ் 38ஆம். போட்டிருப்பது ஏ106. முழுதும் வெட்டி எறியணுமா?"

உடனே வேண்டாம். குளிரூட்டல் பைப்புக்கான விதி பி31.5. அதில் ஒரு வழி இருக்கிறது. மைனஸ் 29க்கும் மைனஸ் 101க்கும் இடையில், அழுத்தத்தாலும் குளிர்ச் சுருக்கத்தாலும் தாங்கிகளுக்கு இடையேயான வளைவாலும் வரும் இழுவைத் தகைப்பு, அனுமதித்த தகைப்பில் 40 வீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் இம்பாக்ட் டெஸ்ட் தேவையில்லை. அமோனியா மைனஸ் 38இல் இருக்கும்போது கேஜில் பூச்சியம்தானே. அழுத்தத்தின் பங்கு ஒன்றுமில்லை. அதனால் பழைய லைன்கள் பல இந்தக் கணக்கில் தப்பிவிடும்.

"அழுத்தம் இல்லை, சரி" என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குளிர்ச் சுருக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்த நேர் லைன் சுருங்க இடமில்லாமல் தன்னையே இழுக்கும். தாங்கி ஒன்று கழன்று தொங்கினால் வளைவும் சேரும். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் ஹொட் கேஸ் டிஃப்ரொஸ்ட், அதாவது சூடான வாயுவை விட்டுப் பனியைக் கரைப்பது. குளிர்ந்து கிடக்கும் லைனுக்குள் உயர் அழுத்த வாயுவைத் திடீரென்று திறந்தால், வாயு ஒடுங்கி, திரவக் கட்டி ஒன்று பைப்புக்குள் குண்டு மாதிரிப் பாயும். 2010 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் தியடோரில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் இப்படி வந்த அதிர்ச்சியில் 12 அங்குலச் சக்ஷன் பைப் பிளந்து, 32,000 இறாத்தல் அமோனியா வெளியேறியது. 40 வீதக் கணக்கில் அந்த அடி இருக்காது. டிஃப்ரொஸ்ட் வால்வு மெதுவாகத் திறக்கிறதா, அதற்கு முன் திரவம் வடிகிறதா என்று பார்க்காமல் நான் எந்த ஏ106 லைனையும் "இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுப்பதில்லை.

புதிதாகப் போடுவதென்றால் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். எல்டி பைப்பான ஏ333 கிரேட் 6 வாங்குங்கள். மைனஸ் 46 வரை விதியே அனுமதிக்கிறது.

"சர்டிபிகேட்ல ஏ333 இருக்கு. பைப்புல ஏ106ன்னு அடிச்சிருக்கு"

பைப்பில் இருப்பதை நம்புங்கள். அல்லது இரண்டையும் நம்பாதீர்கள்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. ஏ106 கிரேட் பி, ஏ333 கிரேட் 6 இரண்டிலும் காபன் உச்சம் 0.30 வீதம். மங்கனீசு இரண்டிலும் 0.29 முதல் 1.06. இழுவைப் பலம் இரண்டிலும் குறைந்தது 415 மெகாபாஸ்கல். கந்தகம், பொசுபரசு எல்லைதான் ஏ333இல் 0.025 என்று கொஞ்சம் இறுக்கம், ஏ106இல் 0.035. ஆகவே கையில் பிடிக்கும் அனலைசரை வைத்தோ, கிரைண்டர் பொறியைப் பார்த்தோ பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வித்தியாசம் ஹீட் ட்ரீட்மென்ட்டிலும், உண்மையாகவே குளிரவைத்து உடைத்துப் பார்த்தார்களா என்பதிலும்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பேப்பரும் முத்திரையும் பொருந்துவதுதான் ஒரே சாட்சி.

ஏ333 பைப்பில் "எல்டி" என்ற எழுத்தும், அதன் பக்கத்தில் டெஸ்ட் செய்த வெப்பநிலையும் அடித்திருக்க வேண்டும். எந்த உருக்கலில் வந்த உலோகம் என்று காட்டும் ஹீட் நம்பரும் இருக்க வேண்டும். அந்த ஹீட் நம்பர் மில் சர்டிபிகேட்டில் இருக்கும் நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சர்டிபிகேட்டில் இம்பாக்ட் பகுதியில் மூன்று தனி எண்கள், சராசரி, துண்டின் அளவு, வெப்பநிலை நான்கும் வேண்டும். "இம்பாக்ட்: ஓகே" என்று மட்டும் எழுதியிருந்தால் அது டெஸ்ட் அறிக்கை ஆகாது. கடைக்காரர் போட்டோகொப்பி மட்டும் தருகிறார் என்றால் உற்பத்தியாளரிடம் நேரே ஈமெயில் போட்டுக் கேளுங்கள்.

ஒரு தடவை ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு வேலையில், பைப் எல்லாம் சரியாக வந்து இறங்கியது. வெல்டிங் பாஸ் நல்ல வேலைக்காரர். நீளத்தை வெட்டும்போது முத்திரை இருந்த முனை ஒரு பக்கம் போய்விட, மீதித் துண்டுகளில் ஒன்றுமே இல்லை. அதே குவியலில் நீராவி லைனுக்கு வந்த ஏ106உம் கிடந்தது. எது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதினெட்டுத் துண்டை ஒதுக்கி நீராவிக்கே அனுப்பினோம். அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன்னால் ஹீட் நம்பரை மற்ற முனைக்கும் எழுதாமல் நான் கிரைண்டரைத் தொட விடுவதில்லை. பெயின்ட் மார்க்கர் போதும். கூர்மையான பஞ்ச் உளியால் அடிக்காதீர்கள். குளிர் பைப்பில் அந்தக் குழியே வெட்டு ஆகிவிடலாம்.

"சர்டிபிகேட்ல 9 ஜூல்தான் போட்டிருக்கு. 18 வேணும்னு படிச்சேனே"

துண்டின் அளவைப் பாருங்கள். ஏ333 கிரேட் 6க்கு மைனஸ் 45 பாகையில் மூன்றின் சராசரி 18 ஜூல், எந்த ஒன்றும் 14க்குக் குறையக்கூடாது என்பது முழு அளவுத் துண்டுக்கு. நான்கு அங்குலம் செடியூல் 40 (சுவர்த் தடிப்பு வகை) பைப்பின் சுவர் 6.02 மி.மீ. அதிலிருந்து 10 மி.மீ. துண்டு எப்படி எடுப்பது? 10க்கு 5தான் வரும். அதற்குத் தேவை சராசரி 9, தனி ஒன்று 7. ஆகவே 9 என்பது தேறிவிட்டது, ஓரத்தில்தான் என்றாலும்.

மெல்லிய துண்டு உடைவதற்குக் கொஞ்சம் இளக்கமாக நடந்துகொள்ளும். உண்மையான தடிப்பின் பிடிவாதம் அதில் தெரியாது. அதனால் பி31.3 சில இடங்களில் டெஸ்ட் வெப்பநிலையை இன்னும் இறக்கச் சொல்கிறது. பைப் 10 மி.மீ.க்கு மெல்லியது என்றால், துண்டின் அகலம் சுவர்த் தடிப்பில் 80 வீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள். 6.02இல் 80 வீதம் 4.8, 5 மி.மீ. துண்டு தாண்டிவிட்டது, இறக்க வேண்டாம். ஆறு அங்குலம் செடியூல் 40இல் சுவர் 7.11. 80 வீதம் 5.7. லேப் வசதிக்காக அதிலும் 5 மி.மீ. வெட்டினால் குறைகிறது. அப்போது ஏறக்குறைய 7 பாகை இறக்கி, மைனஸ் 46க்குப் பதில் மைனஸ் 53இல் உடைக்க வேண்டும். லேபுக்குப் பைப் அனுப்பும்போதே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு சண்டை பிடித்துப் பயனில்லை. 2.5 மி.மீ. துண்டுகூட வராத மெல்லிய பைப்புக்கு, அந்தப் பைப்பின் பட்டியல் எல்லை, மைனஸ் 48 இரண்டில் எது கீழோ அதற்கும் கீழே போகாதவரை, டெஸ்ட்டே தேவையில்லை.

"மூன்றில் இரண்டு 40க்கு மேல. ஒன்னு மட்டும் 9"

முழு அளவுத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18க்கு மேல்தான், ஆனால் தனி ஒன்று 14க்குக் கீழே. இது ஃபெயில், ஆனால் மறு டெஸ்ட்டுக்கு இடம் உண்டு. அதே பைப்பிலிருந்து மூன்று புதிய துண்டு. இந்தத் தடவை ஒவ்வொன்றும் சராசரித் தேவையான 18ஐத் தொட வேண்டும்.

மறு டெஸ்ட்டுக்கு முன்னால் லேபில் மூன்று கேள்வி கேளுங்கள். வி வெட்டின் அடி ஆரை 0.25 மி.மீ. இருக்கிறதா, மழுங்கிய கத்தியால் வெட்டியதா? துண்டு குளிர்க் குளியலில் குறைந்தது ஐந்து நிமிடம் இருந்ததா? வெளியே எடுத்து ஐந்து விநாடிக்குள் அடித்தார்களா? கை தாமதித்தால் துண்டு சூடேறி எண் கூடித்தான் காட்டும். ஆகவே சந்தேகப்பட வேண்டியது அந்த 9ஐ மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு 40களும் பொய்யாக இருக்கலாம். உடைந்த முகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மங்கலாக, நார் நாராக இருந்தால் இழுபட்டு உடைந்தது. சீனி மாதிரி மினுங்கினால் நொறுங்கி உடைந்தது.

"பைப் பாஸ், வெல்ட் ஃபெயில்"

முதலில் எந்த வெல்டிங் குச்சி என்று கேட்பேன். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் இ6013க்கு இம்பாக்ட் தேவையே வகுக்கப்படவில்லை. அதைக் குளிர் லைனுக்குக் கொண்டு வராதீர்கள். இ7018 மைனஸ் 29இல் 27 ஜூலுக்கு உத்தரவாதம். மைனஸ் 46க்கு வேண்டியது இ7018-1. அந்தக் கடைசி "1" பெட்டியில் சின்னதாக இருக்கும், கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆர்கன் வெல்டிங்கில் வேர் (அடியில் வரும் முதல் ஓட்டம்) போடும் இஆர்70எஸ்-6 கம்பியும் மைனஸ் 29க்குத்தான். மைனஸ் 46க்கு இஆர்80எஸ்-என்ஐ1 போன்ற நிக்கல் சேர்ந்த கம்பி வேண்டும்.

குச்சி சரி என்றால் வெப்பம். வோல்ட்டை அம்பியரால் பெருக்கி, 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்ந்தோம் என்பதால் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு எத்தனை ஜூல் என்று வரும். 24 வோல்ட், 110 அம்பியர், நிமிடத்துக்கு 80 மி.மீ. என்றால் 1980. கையை அகலமாக ஆட்டி, மெதுவாக நிரப்பி அழகாகப் போடும் பாஸ்மார்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பார்க்க நேர்த்தி, உள்ளே வெல்டுக்குப் பக்கத்து உலோகத்தின் மணிகள் பருத்துவிடும். மெல்லிய ஓட்டங்களாக, நேராக இழுங்கள். இம்பாக்ட் தேவைப்படும் வேலையில், வெல்டிங் முறையைச் சோதித்து ஏற்றுக்கொண்ட டெஸ்ட்டில் இருந்த வெப்பத்தைத் தாண்டினால் அந்த முறையே செல்லாது. அந்த டெஸ்ட்டும் வெல்ட் உலோகத்தையும் பக்கத்து உலோகத்தையும் தனித்தனியாக உடைத்துப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

எங்கள் மூடுபனியில் திறந்து வைத்த குச்சி ஒரு காலையிலேயே ஈரம் குடிக்கும். பெட்டியில் எழுதிய வெப்பநிலையில் சுட்டு, சூடான குவிவரில் (குச்சியைச் சூடாக வைக்கும் கூடு) வைத்தே எடுங்கள்.

பிளாஞ், எல்போ, போல்ட் பற்றி ஒரே வரி: பைப் ஏ333 கிரேட் 6 என்றால் பிளாஞ் ஏ350 எல்எஃப்2, எல்போ ஏ420 டபிள்யூபிஎல்6, போல்ட் ஏ320 எல்7. நல்ல பைப்புக்கு நடுவில் ஒரு ஏ105 பிளாஞ் கிடந்தால் லைனின் எல்லை அந்தப் பிளாஞ்சின் எல்லைதான்.

வெடிப்பு கண்டால்

தட்டிப் பார்க்காதீர்கள். கசிகிறதே என்று போல்ட்டை இறுக்காதீர்கள். பனியைக் கரைக்கச் சுடுதண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். 1998 செப்டம்பர் 25இல் அவுஸ்திரேலியாவின் லோங்ஃபோர்ட் எரிவாயு ஆலையில் நடந்ததை ஒவ்வொரு ஒப்பரேட்டரும் தெரிந்திருக்க வேண்டும். சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், வழமையாகச் சூடாகவே இருக்கும் வெப்பமாற்றி ஒன்று மைனஸ் 48 வரை குளிர்ந்தது. வெளியே பனி படிந்தது. அந்த நிலையில் சூடான எண்ணெயைத் திரும்ப அனுப்பினார்கள். அது பிளந்து தீப்பற்றியது. இருவர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயப்பட்டார்கள். பனி படியாத இடத்தில் பனி படிந்தால், அந்த உலோகம் தானாக, மெதுவாகச் சூடேறும்வரை அதற்கு அழுத்தமும் வேண்டாம், வெப்பமும் வேண்டாம்.

அமோனியா என்றால் ஆட்களை முதலில் நகர்த்துங்கள். அமோனியா வாயு காற்றைவிட இலேசு என்று படித்திருப்போம். திரவமாகத் தெறித்து வரும் குளிர் அமோனியா அப்படி மேலே போகாது. வெள்ளைப் புகாராகத் தரையோடு படுத்து, தண்ணீர் போகிற வழியில் சரிவில் இறங்கும். நம் ஆலைகளுக்குக் கீழேதான் லயங்கள் இருக்கின்றன. கீழே இருப்பவர்களுக்குச் சொல்லி, காற்றுக்குக் குறுக்காக, மேட்டுப் பக்கம் போகச் சொல்லுங்கள். பிறகுதான் வால்வு, பாதுகாப்புக் கவசம் போட்டவர் மட்டும்.

எல்லாம் அடங்கிய பிறகு உடைந்த துண்டைப் பாருங்கள். சுவர் மெலியாமல், முகம் தட்டையாக மினுங்கி, அம்புக்குறி மாதிரிக் கோடுகள் ஒரு பக்கம் காட்டினால் அது குளிரில் நொறுங்கியது. அம்புகள் காட்டும் இடத்தில்தான் ஆரம்பம்: ஒரு வெல்ட் குறை, ஒரு பஞ்ச் குழி, இன்சுலேஷனுக்குள் ஈரம் அரித்த ஒரு பள்ளம். வளையம் வளையமாகக் கோடு இருந்தால் அதிர்வில் நாட்பட வளர்ந்த வெடிப்பு. பைப்பை மாற்றினாலும் தாங்கியைச் சரிசெய்யாதவரை திரும்ப வரும். இரண்டு முகங்களையும் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பொருத்தினால் அந்தக் கோடுகள் நசுங்கிப்போகும். துடைக்காமல், ஈரம் மட்டும் காயவிட்டு, தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி, எந்தப் பக்கம் மேலே இருந்தது, வெடித்தபோது கேஜும் தெர்மோமீட்டரும் என்ன காட்டின என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.